உமித்தீயும் ஐஸ் தரையும்: முறைத்துக்கொள்ளும் ஸ்கேட்டிங் ஜோடிக்குக் காதல் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடியில் தொடர்கதை எழுதுகிற பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். குளிர்கால ஒலிம்பிக்கை ஃபோனில் பார்த்ததிலிருந்து பாதிப் பேருக்கு ஸ்கேட்டிங் ஜோடிக் கதை எழுத ஆசை. எதிரும் புதிருமாக இருக்கிற இருவரை ஜோடி சேர்த்துவிடுவார்கள், முறைத்துக்கொண்டே ஆடுவார்கள், மெல்ல மெல்லக் காதல் வரும். கதை ஆளுக்கு ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. சொன்னதையே சொல்லித் தொண்டை காய்ந்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஃபிகர் ஸ்கேட்டிங்னா மலையில கட்டைய மாட்டிக்கிட்டுச் சறுக்கி வருவாங்களே, அதானக்கா?

இல்லை. நீங்கள் சொல்வது ஸ்கீயிங். பத்திரிகைகளில் இரண்டையும் பனிச்சறுக்கு என்றே எழுதுவதால் வந்த குழப்பம். ஃபிகர் ஸ்கேட்டிங் உள்ளரங்கில், 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள சமமான ஐஸ் தரையில் நடக்கும். பூட்ஸுக்கு அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனில் எஃகு பிளேடு. அதன் அடிப்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு. எந்த விளிம்பில் எவ்வளவு சாய்கிறார்கள் என்பதில்தான் வித்தை முழுக்க இருக்கிறது. பிளேடின் முன்நுனியில் ரம்பம் போலப் பற்கள் உண்டு. அதைக் குத்தித்தான் சில தாவல்களைத் தாவுவார்கள்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்: ஐஸ் சத்தம் போடும். விளிம்பு ஆழமாகக் கடிக்கும்போது ஒரு சத்தம், பிளேடு பக்கவாட்டில் வழுக்கும்போது கரகரவென்று வேறொரு சத்தம்.

எதிரிங்கிறீங்க, ஜோடிங்கிறீங்க. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?

நம்மூர்க்காரர்கள் இதைக் கேட்கலாமா? மீனாட்சி படை திரட்டித் திசையெல்லாம் வென்று, கயிலாயம் வரை போர் தொடுக்கப் போய்த்தானே சொக்கரைப் பார்த்தாள்? சித்திரைத் திருவிழாவில் திக்விஜயத்துக்கு மறுநாளே திருக்கல்யாணம். ஒரே ராத்திரியில் முடிந்த விஷயம், அதனால் மெதுவான காதல் என்று சொல்ல முடியாது. மற்றபடி கணக்கு அதுதான்.

ஸ்கேட்டிங்கில் இது இயல்பாகவே அமையும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஐஸ் டான்ஸ் என்ற ஜோடிப் பிரிவில் தங்கம் கனடாவின் டெசா வர்ச்சு, ஸ்காட் மோயர் ஜோடிக்கு. வெள்ளி அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடிக்கு. 2014 சோச்சியில் அப்படியே தலைகீழ். இத்தனைக்கும் இரண்டு ஜோடியும் பல வருடம் மிச்சிகனில் ஒரே தளத்தில், ஒரே பயிற்சியாளரிடம் பழகியவர்கள். காலையில் ஒரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் எதிரிகள்! இப்படி ஒரு தளத்தில், இந்த ஜோடியில் ஒருவருக்கும் அந்த ஜோடியில் ஒருவருக்கும் துணை இல்லாமல் போய்விட்டால்? மிச்சமான இருவரையும் சேர்த்துவிடுவார்கள். துணையை மாற்றிக்கொண்டு ஆடுவது இந்த விளையாட்டில் சாதாரணம். ஜெர்மனிக்காக ஆடிய அல்யோனா சவ்சென்கோ ஒரு துணையோடு 2010, 2014 இரண்டிலும் வெண்கலம் வாங்கி, வேறு துணையோடு 2018இல் தங்கம் வாங்கினார்.

ஸ்லோ பர்ன்னா இழுத்து இழுத்து எழுதுறதா? என் வாசகிங்க 'எப்பம்மா சேருவாங்க'ன்னு திட்டுறாங்க.

இழுத்தால் திட்டத்தான் செய்வார்கள். ஸ்லோ பர்ன் என்கிற மெதுவான காதலுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: உமித்தீ. மேலே சாம்பல், கையை வைத்தால் சுடும். உமித்தீ அணைந்து கிடப்பதில்லை. உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு எபியிலும் (எபிசோடைத்தான் அப்படிச் சொல்வோம்) இருவருக்கும் நடுவே ஏதாவது ஒன்று, கடுகளவாவது, இடம் மாறியிருக்க வேண்டும். போன எபியில் அவள் அவனுடைய தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். இந்த எபியில் தள்ளாமல் அதன் பக்கத்தில் தன்னுடையதை வைக்கிறாள். போதும். மழை, லிஃப்ட் நின்றுபோவது, தவறிப்போன பேருந்து என்று வெளியிலிருந்து தடை போட்டுக்கொண்டே போனால் அது இழுவை.

(ஐஸ் பாளம் உருகாமல் இருக்கவும் உமிதான் போட்டு மூடுவார்கள். நெருப்பையும் காக்கும், பனியையும் காக்கும். இதை யாராவது கதையில் பயன்படுத்துங்கள், நான் ஏற்கெனவே ஒன்றில் வீணடித்துவிட்டேன்.)

பேர்ஸ், ஐஸ் டான்ஸ்னு ரெண்டு சொல்றாங்க. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது.

பேர்ஸில் அவன் அவளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பான், தூக்கி எறிவான். எறிவதென்றால் நிஜமாகவே எறிவதுதான்: அவள் காற்றில் சுழன்று, பல அடி தள்ளி, தனியாக ஒற்றைக்காலில் பின்னோக்கி இறங்க வேண்டும். இன்னொன்றில் மேலே வீசி, சுழன்று வருகிறவளை இடுப்பில் பிடிப்பான். 'டெத் ஸ்பைரல்' என்ற சுற்றில் அவன் ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு ஒரு கையால் அவளைச் சுற்றுவான். அவள் உடம்பு கிட்டத்தட்டத் தரையோடு படிந்து, முடி ஐஸைத் தொடும் அளவுக்கு வந்துவிடும். பேர்ஸ் 1908லேயே ஒலிம்பிக்கில் வந்துவிட்டது.

ஐஸ் டான்ஸ் 1976இல்தான் சேர்ந்தது. அதில் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, எறிவது கிடையாது. இருவரும் நெருங்கி நின்று, ஒரே தாளத்தில், ஒரே சாய்வில் காலடி போட வேண்டும். பயத்தையும் நம்பிக்கையையும் பற்றிய கதை என்றால் பேர்ஸ். நெருக்கத்தை, ஒருவர் மூச்சு இன்னொருவர் காதில் விழுவதை எழுத வேண்டுமானால் ஐஸ் டான்ஸ். இரண்டையும் கலக்காதீர்கள். ஐஸ் டான்ஸ் நாயகன் நாயகியை எறிகிற ஒரு எபியை நான் படித்துத் திருத்தியிருக்கிறேன்.

மொத நாளே கையப் பிடிக்கிறான், இடுப்பப் பிடிச்சுத் தூக்குறான். அப்புறம் என்னக்கா மெதுவான காதல்?

எல்லோரும் கேட்கிற கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும் கூட. நம் மொழியில் 'கைப்பிடித்தான்' என்றாலே கல்யாணம் என்று அர்த்தம். விரல் பட்டுவிட்டதற்கே அரைப் பக்கம் எழுதிப் பழகியவர்கள் நாம். இங்கே கைப்பிடிப்பது முதல் நாள் காலை முதல் மணியிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் நமக்கு எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும்.

தொடுவது அவர்களுக்கு வேலை. செல்லூர்ப் பக்கம் கபடி ஆடுகிறவன் எதிராளியின் தொடையைக் கட்டிப்பிடிப்பதில் பாசம் தேடுவீர்களா? அது மாதிரி. நான் எழுதிய முதல் ஸ்கேட்டிங் தொடரில் இரண்டாவது எபியிலேயே தூக்க வைத்து, 'அவள் இதயம் படபடத்தது' என்று எழுதினேன். ரோலர் ஸ்கேட்டிங் சொல்லித்தரும் ஒரு பெண் படித்துவிட்டு, 'அக்கா, தூக்கும்போது அவ படபடன்னா அவன் கீழ போட்டுருவான்' என்றாள். தூக்கப்படுகிறவள் உடம்பை இறுக்கி வைத்திருக்க வேண்டும். தளர்ந்தால் எடை இரண்டு மடங்காகத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் என் இரண்டாவது எபி முழுக்கக் குப்பைக்குப் போனது.

ஆகவே இந்தக் கதையில் எல்லாம் தலைகீழ். சாதாரணக் காதல் கதையில் மனது முதலில் வரும், தொடுதல் கடைசியில் வரும். இங்கே தொடுதல் முடிந்துபோன பிறகுதான் மனது கிளம்புகிறது. அதனால் தொடுகிற இடத்தில் காதலைக் காட்ட முடியாது. தொட வேண்டிய அவசியமில்லாத இடத்தில்தான் காட்ட முடியும். பாட்டு நின்றுவிட்டது, வணக்கம் சொல்லியாகிவிட்டது, இனிமேல் கையை விடலாம். விடவில்லை. ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்கு முப்பது எபி காத்திருக்க வைக்கலாம்.

அப்ப வேற எங்கெல்லாம் காட்டுறது? லிஸ்ட் மாதிரி சொல்லுங்களேன்.

லிஸ்ட் கொடுத்தால் பத்துப் பேரும் அதையே எழுதிக்கொண்டு வருவீர்கள், முன்பு நடந்ததுதான். தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஜோடி ஆடுகிறவர்களுக்கு ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். இடது முழங்கால் குளிரில் முதல் பத்து நிமிடம் மடங்காது என்று தெரியும். கடினமான தாவலுக்கு முன் மூச்சை அடக்குவாள் என்று தெரியும். வேலைக்காகத் தெரிந்துகொண்ட இந்த விஷயம் எப்போது வேலைக்கு வெளியே பயன்படுகிறது என்று பாருங்கள். வீட்டிலிருந்து ஃபோன் வந்து பேசிக்கொண்டிருக்கிறாள், மூச்சை அடக்குகிறாள், தளத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவன் திரும்பிப் பார்க்கிறான்.

முதல் பதிலில் சத்தத்தைச் சொன்னேனே, அது இதற்குத்தான். இருபது பேர் பழகுகிற தளத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, பின்னால் வருவது யார் என்று பிளேடு சத்தத்தில் தெரிந்துவிட்டால் அவளுக்கே எரிச்சல் வரும். எரிச்சல் வரட்டும்.

இரட்டை நாகஸ்வரம் கேட்டிருப்பீர்கள். ஒருவர் மூச்செடுக்கும்போது இன்னொருவர் ஸ்வரத்தை விடாமல் பிடித்திருப்பார். அவர்கள் பேசிக்கொள்வதில்லை. பிடிக்காத பங்காளிகளாகக்கூட இருப்பார்கள். எனக்கு ஸ்கேட்டிங் ஜோடியைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருகிறது.

சண்டை எதுக்கு வரும்? சும்மா ஈகோ சண்டைன்னா சலிப்பா இருக்கு.

சண்டைக்குக் காரணம் ஐஸ் மேலேயே கிடக்கிறது. எறிந்து, அவள் விழுந்தாள் என்று வையுங்கள். அவன் அரை நொடி முந்தி விட்டானா, அவள் பிந்தித் தாவினாளா? இருவருக்கும் அவரவர் தரப்பு நிஜம். வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும் பாதி நேரம் தீராது. விழுகிறவள் அவள், அடிபடுவது அவளுக்கு. 'இன்னொரு தடவை' என்று சொல்வது அவன். இதைவிட நியாயமான கோபம் வேண்டுமா?

இன்னொன்று, இருவரும் எதிரிகளாக இருந்தபோது ஒருவர் பலவீனத்தை இன்னொருவர் படித்து வைத்திருப்பார்கள். ஜெயிக்கத் தெரிந்துகொண்டது அது. இப்போது அதே பலவீனத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று அவள் கேட்கிற இடம் நல்ல சண்டை. பதில் சொல்ல முடியாமல் அவன் நிற்கிற இடம் அதைவிட நல்லது.

மார்க் போடுறது தலையும் புரியல வாலும் புரியல. தெரியாம எழுதலாமா?

கொஞ்சம் தெரிந்தால் போதும். பழைய முறையில் 6.0தான் உச்சம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் பேர்ஸ் தீர்ப்பில் பெரிய ஊழல் புகார் கிளம்பி, ரஷ்ய ஜோடிக்குக் கொடுத்த தங்கத்தோடு கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த முறையையே மாற்றிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு வித்தைக்கும் அடிப்படை மதிப்பு உண்டு, செய்த நேர்த்திக்கு -5 முதல் +5 வரை கூட்டிக் குறைப்பார்கள், மொத்த ஆட்டத்தின் அழகுக்குத் தனி மார்க்.

கதைக்கு உதவுவது ஒன்றே ஒன்று: மார்க் ஜோடிக்குத்தான், ஆளுக்குத் தனியாகக் கிடையாது. ஒருவர் விழுந்தால் 1 புள்ளி போகும், இருவரும் விழுந்தால் 2. அவள் தப்புக்கு அவனும் தோற்பான். மார்க் வரும்வரை இருவரும் ஒரே பெஞ்சில், கேமரா முன்னால், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கே 'முத்தமும் அழுகையும்' என்று பொருள்படும் பெயரைத்தான் ஸ்கேட்டிங் உலகம் வைத்திருக்கிறது. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன சலுகை வேண்டும்?

நிஜத்துல இப்படி ஆடுனவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?

சிலர். ரஷ்யாவின் எகதெரினா கோர்தேயேவா, செர்கெய் கிரின்கோவ் இருவரையும் சின்ன வயதிலேயே பயிற்சியாளர்கள் ஜோடி சேர்த்தார்கள். 1988 ஒலிம்பிக்கில் தங்கம், 1991இல் கல்யாணம், 1994 ஒலிம்பிக்கில் மறுபடி தங்கம். 1995 நவம்பரில் பயிற்சியின்போது ஐஸ் மேலேயே செர்கெய்க்கு மாரடைப்பு வந்து இறந்துபோனார், வயது 28. சில மாதம் கழித்து அவர் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் அவர் மனைவி தனியாக ஆடினார். ஜோடியாக ஆடியவள் தனியாக ஆடுவதைப் பார்த்தால் அந்தக் காலி இடம் தெரியும். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

பலர் பண்ணிக்கொள்ளவில்லை. பிரிட்டனின் ஜேன் டார்வில் காப்பீட்டு அலுவலக எழுத்தர், கிறிஸ்டோபர் டீன் போலீஸ்காரர். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில், அதுவும் பிப்ரவரி 14 அன்று, ஆடிய ஆட்டத்துக்குக் கலை மதிப்பெண்ணில் ஒன்பது நடுவர்களும் 6.0 போட்டார்கள். உலகமே ஜோடி என்று நம்பியது. இருவரும் வேறு வேறு ஆட்களைக் கல்யாணம் செய்தார்கள். வர்ச்சு, மோயர் ஜோடியையும் 2018இல் அப்படித்தான் நம்பினார்கள். அவர்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பார்க்கிறவர்களை நம்ப வைப்பது அவர்கள் தொழில் என்பது உங்கள் கதைக்கு நல்ல முடிச்சு: 'இவன் இப்போது பார்க்கிற பார்வை நடுவருக்கா, எனக்கா?' ஆனால் உயிரோடிருக்கும் நிஜ மனிதர்களின் பெயரை வைத்துக் காதல் கதை எழுதாதீர்கள். அது நாகரிகம் இல்லை.

நம்ம மதுரைப் பிள்ளைங்கள வச்சு எழுதலாமா? இங்க ஐஸுன்னா ஜிகர்தண்டாதான்.

எழுதலாம். இங்கே நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டில் ஆரம்பிக்கட்டும். ரோலரிலும் ஆர்டிஸ்டிக் என்று ஒரு பிரிவு உண்டு, அதில் ஜோடி ஆட்டமும் உண்டு. அதிகாலை ஐந்தரை மணி, சிமெண்ட் தரை, வெயில் ஏறினால் முடிந்தது. சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போனால் தாளமும் தாவலும் கூட வரும், நிற்பது மட்டும் வராது. பிளேடைப் பக்கவாட்டில் சறுக்க விட்டு நிறுத்த வேண்டும்; சக்கரம் அப்படிச் சறுக்காது. மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய இருவரும் ஐஸில் சுவரில் மோதி நிற்பதைப் பாருங்கள், கர்வம் எங்கே போகும் என்று.

ஐஸுக்கு வடக்கே போக வேண்டும். சிம்லாவில் 1920 முதல் இயற்கையாக உறையும் தளம் உண்டு, குளிர்காலத்துக்கு மட்டும். டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டிய உள்ளரங்கம் இருக்கிறது. மதுரையிலிருந்து டெல்லிக்கே ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல். அந்தப் பயணத்தில் பேசாமல் வருகிற இருவரை யோசியுங்கள். போய் இறங்கினால் சுற்றிலும் இந்தி. அவள் வாய்க்குள் முனகுகிற வசவு அந்த ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் புரியும். திட்டுவதற்கும் அவன்தான் வேண்டியிருக்கிறான்.

ஹீரோவ அவ 'டா' போடலாமா? இல்ல 'நீங்க'வா?

இந்தக் கேள்விக்காக நாம் சந்தோஷப்பட வேண்டும். இங்கிலீஷில் எழுதுகிறவளுக்கு இந்த வசதி கிடையாது. எதிரியாக இருந்தபோது 'நீ, வா, போ'. ஜோடி சேர்த்தவுடன் கோபத்தை மரியாதையில் காட்டுகிறாள்: 'சொல்லுங்க', 'தூக்குங்க', 'பரவாயில்லங்க'. மதுரையில் ஒருத்தி இத்தனை மரியாதை கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா? பிறகு ஒருநாள் அவன் சறுக்கி விழும்போது பதற்றத்தில் 'டேய்' வருகிறது. வந்த பிறகு இருவரும் கேட்காதது மாதிரி இருக்கிறார்கள். மறுநாள் 'வாங்க' என்கிறாளா, 'வா' என்கிறாளா என்று வாசகி தூங்காமல் காத்திருப்பாள்.

அவன் அம்மா எதிரில் மறுபடி 'அவங்க' ஆகிவிடட்டும். யாரும் சொல்லாமலே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

வீட்டுல எப்படிக்கா விடுவாங்க? அந்த டிரெஸ்ஸு வேற.

எல்லா அப்பாவும் கத்தியை எடுப்பதில்லை. சம்மதித்த அப்பாவை எழுதுங்கள். சம்மதித்தவருக்குத்தான் அதிகச் சங்கடம். போட்டி வீடியோவை டீக்கடையில் யாரோ காட்டும்போது அவர் எங்கே பார்ப்பார்? உடையில் தோல் மாதிரித் தெரிவது பெரும்பாலும் தோல் நிறத் துணிதான் என்று அவர் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருப்பார்.

ஆக்சிடென்ட் வச்சா டக்குனு சேர்ந்துருவாங்கல்ல?

சேர்ந்துவிடுவார்கள், கதையும் அதோடு படுத்துவிடும். அடிபடுவது இந்த விளையாட்டில் விளையாட்டல்ல. ரஷ்யாவின் எலேனா பெரெஷ்னாயாவுக்கு 1996இல் பயிற்சியில் அப்போதைய துணையின் பிளேடு தலையில் பட்டு மண்டை ஓடு உடைந்தது. பேச்சையே திரும்பப் பழக வேண்டியிருந்தது. பிறகு அன்டோன் சிகருலிட்ஸேயோடு ஜோடி சேர்ந்து 1998இல் வெள்ளி, 2002இல் தங்கம். மேலே மார்க் பற்றிச் சொன்ன இடத்தில் வந்த ரஷ்ய ஜோடி இவர்கள்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்து அழுவது யாருக்கும் வரும். எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு வரும் காலை. அதே இடம், அதே வித்தை. எறிய வேண்டியவனுக்குத்தான் கை நடுங்குகிறது. விழுந்தவள் 'ம், எறி' என்கிறாள். அந்தக் காட்சியை எழுத முடியுமென்றால் அடிபட வையுங்கள்.

முத்தம் எந்த எபில வைக்கலாம்?

வைக்காமலே முடித்தவர்களும் எங்கள் மாடியில் உண்டு. வைத்தால் ஐஸுக்கு வெளியே வையுங்கள். பிளேடு உறை மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடக்கும்போது இருவருமே கொஞ்சம் கோமாளியாக இருப்பார்கள், அது நல்லது.

காதல்னு தெரிஞ்சா ஆட்டம் கெட்டுப்போகும்ல? அப்ப சொல்ல வைக்கவா, வேண்டாமா?

கஷ்டமான கேள்வி. இதை வில்லியோ வறட்டுக் கௌரவமோ இல்லாத தடையாக நினைக்கிறேன். சொல்லி, அவன் இல்லை என்றுவிட்டால் அவளுக்குக் காதல் மட்டும் போகாது. துணை போகும், பத்து வருட உழைப்பு போகும், அடுத்த துணைக்கு உயரமும் எடையும் திறமையும் பொருந்த ஆள் தேட வேண்டும். சரி என்றுவிட்டாலும் ஆபத்து: நாளைக்கு வீட்டுச் சண்டை ஐஸுக்கு வரும். எறிகிறவன் பயந்தவனாகிவிடுவான். மனது வராதவரை அவளை எறிய முடிந்தது. இப்போது கை தயங்குகிறது. எறியும் தூரம் குறைவதை முதலில் கண்டுபிடிக்கிறவர் பயிற்சியாளராக இருக்கட்டும். 'என்னடா, பூவையா போடுற?' என்று அவர் கேட்கும்போது அவள் புரிந்துகொள்கிறாள். அவன் சொல்லவே வேண்டியதில்லை.

கடைசியில மெடல் வாங்கணுமா?

காதலும் கிடைத்து மெடலும் கிடைத்தால் வாசகி மகிழ்வாள், மறுநாள் மறப்பாள். எனக்குப் பிடித்தது நான்காவது இடம். ஆனால் நாலாவது என்று தெரிந்தும் அந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமல் இருக்க அவர்களுக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள் முப்பது எபியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

நான் எழுதுனத படிச்சுப் பாக்குறீங்களாக்கா?

கொண்டுவாருங்கள். முதல் எபி வேண்டாம், அதை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். பதினைந்தாவதைக் கொண்டுவாருங்கள். மாடிப்படியில் லைட் எரியாது, ஃபோன் டார்ச் அடித்துக்கொண்டு ஏறுங்கள்.